தேர்வு அறைக்குள் கால்குலேட்டர்: அனுமதி, தடை, மறுபடி அனுமதி

பிளஸ் டூ இயற்பியல் தேர்வு எழுதினவங்களுக்கு லாக் புத்தகம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். 6.63-ஐ 3-ஆல் பெருக்கி, அதை இன்னொண்ணால வகுக்கணும்னா, அந்தப் பக்கங்களைப் புரட்டி, லாக் பார்த்து, கூட்டிக் கழிச்சு, கடைசியில ஆன்டிலாக் பார்க்கணும். அப்பா கடையில கல்லாவுக்குப் பக்கத்துலயே கால்குலேட்டர் இருக்கும். ஆனா தேர்வு அறைக்குள்ள அது வரக்கூடாது.

ஏன் வரக்கூடாது? இதை யார் முடிவு பண்றாங்க? இன்னைக்கு இந்தக் கேள்வியைத்தான் பார்க்கப்போறோம். இதுல அதிகமா சண்டை போட்டது அமெரிக்கா. விதியை அவங்க மாத்தின அளவுக்கு வேற யாரும் மாத்தியிருப்பாங்களான்னு தெரியல. அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1972-இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் எச்.பி.-35 என்ற கால்குலேட்டரை வெளியிட்டது. சைன், காஸ், லாக் எல்லாம் போடக்கூடிய, சட்டைப்பையில் அடங்கும் கருவி. விலை 395 டாலர். அன்றைக்கு அது ஒரு பொறியாளரே யோசித்து வாங்கவேண்டிய தொகை. நான்கே வருடத்தில், 1976-இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டி.ஐ.-30-ஐ ஏறத்தாழ 25 டாலருக்குக் கொண்டுவந்தது. பொறியாளர் பையிலிருந்த சாதனம் மாணவன் பைக்கு வந்துவிட்டது. தேர்வு நடத்துபவர்களுக்குத் தலைவலி தொடங்கியதும் அப்போதுதான்.

1980-இல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லா வகுப்புகளிலும் கால்குலேட்டரை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆசிரியர்கள் எல்லாருமே இதை ஏத்துக்கிட்டாங்களா? இல்லை. 1986-இல் அதே அமைப்பின் மாநாடு வாஷிங்டனில் நடந்தபோது, கணித ஆசிரியர்கள் சிலரே வெளியில் அட்டை பிடித்துப் போராடினார்கள். மூளை பழகாம பட்டனை அழுத்தி என்ன பிரயோஜனம் என்ற பொருளில் ஓர் அட்டை இருந்தது. சின்ன வகுப்புகளில் கால்குலேட்டர் வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை.

இதுக்கு நடுவுல ஒரு சுவாரஸ்யமான சோதனை நடந்தது. கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்கும் மாணவர்களுக்கு அங்கே ஏ.பி. தேர்வு உண்டு. அதன் கால்குலஸ் தாளில் 1983, 1984 ஆகிய இரண்டு வருடம் கால்குலேட்டரை அனுமதித்தார்கள். வேணும்னா கொண்டு வரலாம், கட்டாயம் இல்லை. அதன் பிறகு அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள்.

இந்த 'வேணும்னா கொண்டு வா' விதியில இருக்கிற சிக்கலை யோசிச்சுப் பாருங்க. ஒரு பையன்கிட்ட கருவி இருக்கு, பக்கத்து பெஞ்சுப் பொண்ணுகிட்ட இல்லை. ரெண்டு பேருக்கும் நியாயமா இருக்கணும்னா, கருவி இருந்தாலும் லாபமே இல்லாத மாதிரி கேள்வி எடுக்கணும். அப்படி எடுத்தா, அப்புறம் கருவி எதுக்கு? அரைக்கதவு திறந்து வெச்ச மாதிரி. மூடணும், இல்லைன்னா முழுசா திறக்கணும்.

அவர்கள் இரண்டாவது வழிக்கு வந்தார்கள். 1993-இல் கால்குலஸ் தாளுக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர் கட்டாயம். 1995-இல் வரைபடம் போடும் கிராஃபிங் கால்குலேட்டரே கட்டாயம். பத்து வருடம் முன்பு தடை செய்யப்பட்ட பொருள் இப்போது ஹால் டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வும் 1994-இல் கால்குலேட்டரை உள்ளே விட்டது.

சரி, எந்தக் கால்குலேட்டர்? இங்கதான் விதி எழுதுறவங்க மாட்டிக்கிட்டாங்க. சத்தம் போடக்கூடாது, காகிதத்தில் அச்சடிக்கக்கூடாது, பிளக் மாட்டுவதாக இருக்கக்கூடாது என்றெல்லாம் எஸ்.ஏ.டி. விதிகள் சொன்னன. தட்டச்சு இயந்திரம் மாதிரி க்வெர்டி விசைப்பலகை இருந்தாலும் தடை. கேள்வியை அப்படியே டைப் செய்து வெளியே கொண்டுபோய்விடலாம் என்ற பயம்.

1995-இல் வந்த டி.ஐ.-92 இந்த வலையில் சிக்கியது. x, y வைத்த சமன்பாடுகளை எழுத்தாகவே தீர்க்கக்கூடிய இயந்திரம் அது. ஆனால் அது தடையானது அந்தத் திறமைக்காக இல்லை, விசைப்பலகைக்காக! 1998-இல் டி.ஐ.-89 வந்தது. கிட்டத்தட்ட அதே திறமை, ஆனால் க்வெர்டி பலகை இல்லை. எஸ்.ஏ.டி.யில் அனுமதி கிடைத்தது. போட்டித் தேர்வான ஏ.சி.டி. மட்டும் விசைப்பலகையோடு நிற்காமல் திறமையையும் பார்த்து டி.ஐ.-89-ஐத் தடுத்தது. ஒரே பையன், ஒரே கருவி. அன்னைக்கு ஒரு தேர்வுல அது உதவி, இன்னொரு தேர்வுல அது மோசடி.

கேள்வித்தாளும் மாறியது. இன்றைய ஏ.பி. கால்குலஸ் தாளில் கால்குலேட்டர் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று இரண்டும் உண்டு. எஸ்.ஏ.டி.யும் 2016-இல் இப்படிப் பிரித்தது: கால்குலேட்டர் இல்லாமல் 25 நிமிடத்தில் 20 கேள்விகள், கால்குலேட்டரோடு 55 நிமிடத்தில் 38 கேள்விகள். கையால் கணக்குப் போடத் தெரியுமா என்பதையும், எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று தெரியுமா என்பதையும் தனித்தனியாகச் சோதிக்கும் ஏற்பாடு அது.

ஒரே வயசுப் பிள்ளைங்களுக்கு நாடுகள் எதிரெதிர் முடிவு எடுத்ததையும் பாருங்க. சிங்கப்பூர் 2009-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் இரண்டாம் கணிதத் தாளில் கால்குலேட்டரை அனுமதித்தது. அங்கே எழுதுவது 12 வயதுப் பிள்ளைகள். இங்கிலாந்தோ 11 வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்விலிருந்து 2014 முதல் அதை வெளியேற்றியது. ரெண்டு நாட்டுலயும் நோக்கம், பிள்ளைகளுக்குக் கணக்கு நல்லா வரணும்ங்கிறதுதான்.

ஆனா இந்த விவாதத்துல பாதி நேரம் மறந்துபோற ஒண்ணு இருக்கு: காசு. பல கிராஃபிங் கால்குலேட்டர்களின் விலை நூறு டாலரைத் தாண்டும். கட்டாயம் என்று விதி எழுதும்போது, அந்த நூறு டாலரையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். பள்ளி இரவல் கொடுத்தால் சரி. ஆனால் தேர்வு அன்று மட்டும் இரவல் வாங்கினவனும், ரெண்டு வருஷம் அதிலேயே பழகினவனும் சமமா?

எஸ்.ஏ.டி. இதற்கு ஒரு வழி கண்டது. தேர்வு கணினிக்கு மாறியபோது, வெளிநாடுகளில் 2023-இலும் அமெரிக்காவில் 2024-இலும், டெஸ்மாஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டரைத் தேர்வுத் திரையிலேயே வைத்துவிட்டார்கள். கணிதப் பகுதி முழுவதும் பயன்படுத்தலாம். சொந்தக் கருவியும் கொண்டு வரலாம், ஆனால் வாங்கியே தீரவேண்டும் என்பது இல்லை.

இதில் இந்தியா முந்திக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் 2016-இலேயே சொந்தக் கால்குலேட்டரை நிறுத்தி, திரையில் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். மவுஸை வெச்சு ஒவ்வொரு எண்ணா அழுத்தறது எரிச்சல்னு எழுதினவங்க சொல்வாங்க. ஆனா எல்லாருக்கும் ஒரே எரிச்சல். பள்ளி அளவில், சி.பி.எஸ்.இ. 2020 பொதுத்தேர்வில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணக் கால்குலேட்டரை அனுமதித்தது. எண்களைப் பார்த்தாலே குழம்பும் டிஸ்கால்குலியா உள்ள ஒரு பிள்ளைக்கு, அந்தச் சின்னக் கருவி கண்ணாடி மாதிரி. கண்ணாடி போட்டுப் படிப்பதை நாம காப்பி அடிக்கிறதுன்னு சொல்றதில்லையே.

மறுபடி நம்ம லாக் புத்தகத்துக்கு வருவோம். அதுவும் ஒரு கால்குலேட்டர்தான், காகிதத்துல செஞ்சது. அதை நாம யாரும் கேள்வி கேக்கல. ஏன்னா அறையில இருக்கிற எல்லாருக்கும் அதை அவங்களே கொடுத்தாங்க. பழைய விதி சொன்ன நியாயம் அதுல இருக்கு. கருவியை விடலாமா வேண்டாமான்னு அடுத்த தடவை யாராவது வாதம் பண்ணா, ரெண்டு கேள்வி கேளுங்க: இந்தத் தாள் எதைச் சோதிக்குது? கடைசி பெஞ்சுல இருக்கிற பிள்ளைகிட்டயும் அந்தக் கருவி இருக்கா?