5... 4... 3... 2... 1... ராக்கெட் கிளப்பின் லான்ச் டே எப்படி இருக்கும் தெரியுமா?

தீபாவளிக்கு காலி பாட்டிலில் ராக்கெட்டை நிறுத்தி, ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். அது வளைந்து போய் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் விழுந்து, உங்களுக்குத் திட்டும் வாங்கிக் கொடுத்திருக்கும். அதே ராக்கெட் நேராக 300 மீட்டர் மேலே போய், உச்சியில் ஒரு குட்டி பாராசூட்டை விரித்து, ஆடி அசைந்து தரைக்கு வந்தால்? மதியம் எஞ்சினை மட்டும் மாற்றி அதையே மறுபடி விட முடிந்தால்? அதுதான் மாடல் ராக்கெட்.

அமெரிக்காவில் இதை ஹாபியாக வைத்துக்கொண்டு, வார இறுதியில் மைதானத்தில் கூடுகிற கிளப்கள் நிறைய உண்டு. ஸ்கூல் பசங்க முதல் ரிட்டயர்டு தாத்தா வரைக்கும் வருவார்கள். அப்படி ஒரு லான்ச் டேவுக்கு நீங்களும் போறீங்கன்னு வெச்சுக்குவோம்.

இடம், ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளி. அறுவடை முடிந்த வயலாகவும் இருக்கலாம். ஒரு ஓரமாக கார்கள், பந்தல் மாதிரி கூடாரங்கள், மடக்கு மேஜைகள். மேஜை முழுக்க பசை, மாஸ்கிங் டேப், கத்தரிக்கோல். நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டி, ராக்கெட்டை நிறுத்துவதற்கான கம்பிகள் வரிசையாக நிற்கும். கூப்பிட்டால்தான் கயிற்றைத் தாண்டணும். அங்கே முதலில் சொல்லித்தருவதே அதுதான்.

மேஜையில் கிடக்கிற ராக்கெட்டைக் கையில் எடுத்தால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். உடம்பு, கெட்டி அட்டைக்குழாய். மூக்கு, பிளாஸ்டிக். அடியில் மூன்று நான்கு இறக்கைகள், பால்சா மரத்தில் சீவியது. மூக்கு, உடம்பு, இறக்கை எதையும் உலோகத்தில் செய்யக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஏதாவது தப்பானால் அட்டை கிழிந்து போகும், அவ்வளவுதான். இரும்பாக இருந்தால் அது சிதறி யார் கண்ணிலாவது பாயும்.

சி6-5 என்றால் என்ன?

எஞ்சின்தான் விஷயமே. கட்டைவிரல் பருமனில், 7 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு அட்டைச் சுருள். கம்பெனியில் செய்து சீல் வைத்து வருவது. அதன்மேல் 'சி6-5' என்று அச்சிட்டிருக்கும். புரிந்துகொண்டால் ரொம்ப சிம்பிள். முதல் எழுத்து, மொத்த சக்தி. ஏ-வைவிட பி இரண்டு மடங்கு, பி-யைவிட சி இரண்டு மடங்கு என்று எழுத்துக்கு எழுத்து உச்சவரம்பு இரட்டிப்பாகும். சி என்றால் அதிகபட்சம் 10 நியூட்டன்-விநாடி. அடுத்த 6, சராசரி தள்ளுவிசை 6 நியூட்டன் என்பதைச் சொல்கிறது. கிட்டத்தட்ட 600 கிராம் எடைக்குச் சமம்.

கடைசியில் வருகிற 5-ஐத்தான் புதுசா வர்றவங்க கவனிக்காம விட்டுடுவாங்க. எரிந்து முடிந்த பிறகு 5 விநாடி கழித்துத்தான் எஞ்சின் மேல்பக்கமாக 'டப்' என்று ஒரு சின்ன வெடிப்பை விடும். அந்த அழுத்தம்தான் மூக்கைத் தள்ளி, பாராசூட்டை வெளியே எடுத்துப்போடும். உங்கள் ராக்கெட் கனமானதாக இருந்து, சீக்கிரமே உச்சியைத் தொட்டுத் திரும்பிவிட்டால், 5 விநாடி ரொம்ப லேட். தலைகீழாகப் பாய்ந்து மூக்கு மண்ணில் குத்தி நிற்கும். இதற்கு கிளப்காரர்கள் வைத்த பேர் 'லான் டார்ட்'. பார்க்கிறவர்களுக்கு சிரிப்பு, ராத்திரி பூரா உட்கார்ந்து பெயின்ட் அடித்தவருக்கு வயிற்றெரிச்சல்.

பாராசூட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தீப்பிடிக்காத காகிதத்தைக் கசக்கி வைக்கணும். மறந்தால் பாராசூட் உருகி ஒரே உருண்டையாகிவிடும். மடிப்பதற்கு முன்னால் பேபி பவுடர் தூவுகிறவர்களும் உண்டு. குளிரில் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஐடியா!

சேஃப்டி ஆபீசர் ஓகே சொல்லணும்

ராக்கெட் ரெடி. உடனே விட்டுவிட முடியாது. உங்கள் பேர், ராக்கெட் பேர், எஞ்சின் விவரம், இதுதான் முதல் தடவையா என்பதை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி, ரேஞ்ச் சேஃப்டி ஆபீசர் மேஜைக்குக் கொண்டுபோகணும். அவர் இறக்கையை அசைத்துப் பார்ப்பார். மூக்கு ரொம்ப டைட்டா, ரொம்ப லூஸா என்று இழுத்துப் பார்ப்பார். எஞ்சின் கழன்று வருமா என்று பார்ப்பார். நீங்களே டிசைன் பண்ணினதா இருந்தா, 'நூல் கட்டிச் சுத்திக் காட்டு' என்பார். ராக்கெட் சமநிலையாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டி, கவண் சுற்றுகிற மாதிரி தலைக்கு மேலே சுற்றினால், மூக்கு முன்னால் போகவேண்டும். வால் முன்னால் போனாலோ குட்டிக்கரணம் அடித்தாலோ, அன்றைக்கு அந்த ராக்கெட் பறக்காது. எவ்வளவு கெஞ்சினாலும் பறக்காது.

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 1957-ல் ஸ்புட்னிக் பறப்பதற்கு முன்பே, அமெரிக்கப் பசங்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்திருந்தது. கிடைத்த ரசாயனத்தை எல்லாம் இரும்புக்குழாயில் அடைத்து வீட்டுக்குப் பின்னாலேயே கொளுத்தினார்கள். விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு, செத்துப்போனவர்களும் உண்டு. நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அவருக்குத் தன் ராக்கெட்டுகளை அனுப்பிவைத்தார். கார்லைலுக்கு வாணவேடிக்கை மேல் கொள்ளை ஆசை. 1954-லேயே அட்டைக்குழாய், தயார்நிலை எஞ்சின், பாராசூட் என்று எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தார். பசங்க மருந்தைத் தொடவே வேண்டாம் என்பதுதான் அந்த ஐடியா. அதே 1957-ல் ஸ்டைன் தொடங்கிய அமைப்புதான் என்.ஏ.ஆர். எனப்படும் தேசிய ராக்கெட்ரி சங்கம். கொலராடோவில் வெர்ன் எஸ்டஸ் இந்த எஞ்சின்களைச் சில விநாடிக்கு ஒன்றாகத் தள்ளும் மெஷினைக் கட்டினார். அதற்கு அவர் வைத்த செல்லப்பேர் 'மேபல்'. சி6-5 இன்றைக்கும் எஸ்டஸ் பேரில்தான் பாக்கெட்டில் வருகிறது.

சரி, மைதானத்துக்கு வருவோம். உங்கள் முறை வந்துவிட்டது. ராக்கெட்டைக் கம்பியில் மாட்டி, எஞ்சினுக்குள் மெல்லிய இக்னைட்டர் கம்பியைச் செருகி, கிளிப் மாட்டிவிட்டுத் திரும்பி வரணும். திரி, தீப்பெட்டி எதுவும் கிடையாது. டி வரையிலான எஞ்சின் என்றால் குறைந்தது 15 அடி, அதற்கு மேல் என்றால் 30 அடி தள்ளி நின்று, கரன்ட்டில்தான் பற்றவைக்கணும். கன்ட்ரோலரில் சாவி போட்டால்தான் பட்டனே வேலை செய்யும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் லான்ச் இல்லை. மைக்கில் உங்கள் பேரைச் சொல்லி 5-லிருந்து எண்ணுவார்கள்.

பட்டனை அழுத்துறீங்க. ஒரு கணம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் 'உஷ்ஷ்'னு ஒரு சத்தம், கம்பி காலி. இரண்டு விநாடிக்குள் எஞ்சின் எரிந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் வெறும் புகைக்கோடு மட்டும் மேலே ஏறிக்கொண்டு போகும். மைதானமே அண்ணாந்து பார்க்கும். அந்த 5 விநாடிதான் லான்ச் டேவிலேயே நீளமான நேரம். பாராசூட்டை மடித்தது சரியா, காகிதம் வைத்தோமா, மூக்கு டைட்டா இருந்துச்சோ... எல்லா சந்தேகமும் அப்போதுதான் வரும். தூரத்தில் 'டப்' என்று கேட்டு ஆரஞ்சு கலரில் ஒரு புள்ளி விரிந்தால் தப்பித்தீர்கள். விரியவில்லை என்றால் மைக்கில் 'ஹெட்ஸ் அப்!' என்று கத்துவார்கள். உட்கார்ந்திருக்கிற எல்லோரும் எழுந்து ராக்கெட்டைப் பார்க்கணும், கையால் காட்டணும்.

பட்டனை அழுத்தியும் போகவில்லையா? பெரும்பாலும் இக்னைட்டர் நழுவியிருக்கும். ஆனால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்த பிறகுதான் கிட்டே போகலாம். மரத்தில் மாட்டினால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கரன்ட் கம்பியில் மாட்டினால் யோசனையே கிடையாது, விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

மதியத்துக்கு மேல் பெரிய ஆட்கள் களம் இறங்குவார்கள். ஆள் உயர ராக்கெட்டுகள் 100, 200 அடி தள்ளி நிற்கும். எச் எஞ்சினிலிருந்து மேலே போக 18 வயது ஆகியிருக்கணும், லைசென்ஸ் மாதிரி ஒரு சான்றிதழும் வேண்டும். அதற்குப் பரீட்சை என்ன தெரியுமா? நீங்கள் கட்டிய ராக்கெட் எல்லோர் முன்னாலும் பறந்து, சேதமில்லாமல் திரும்பணும். மறுபடி பறக்கிற நிலையில் இல்லை என்றால் ஃபெயில். இந்தப் பெரிய எஞ்சின்களில் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் எரிபொருளை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது அமெரிக்க அரசு. இது வெடிக்காது, எரியும் என்று 2000-ல் கோர்ட்டுக்குப் போனார்கள் ஹாபிக்காரர்கள். 2009-ல் ஜெயித்தார்கள்.

அவர்களின் பிடிவாதத்துக்கு இன்னும் இரண்டு சாட்சி. 2004 மே மாதம் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து அமெச்சூர் குழு ஒன்று விட்ட 'கோஃபாஸ்ட்' ராக்கெட், 100 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி விண்வெளியைத் தொட்டது. இசை படித்த ஜோ பர்னார்ட், ஸ்பேஸ்எக்ஸ் மாதிரி தன் மாடல் ராக்கெட்டை எஞ்சின் பலத்திலேயே தரையிறக்கப் பல வருடம் முயன்று, 2022-ல் சாதித்தார். யூடியூபில் பாருங்க, கவிழ்ந்த வீடியோக்களும் இருக்கு.

நம்ம ஊர்ல என்ன பண்ணலாம்?

முதலில் பண்ணக்கூடாததைச் சொல்லிடுறேன். பட்டாசைப் பிரித்து மருந்தைச் சேர்த்துக் குழாயில் அடைக்காதீங்க. கார்லைல் காலத்தில் விரல் போனதும் இதே வேலையால்தான். இங்கே உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

லேப்டாப் இருந்தால் 'ஓப்பன்ராக்கெட்' என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கையின் அளவை மாற்றினால் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும், எங்கே கவிழும் என்று அதுவே காட்டிவிடும். கல்லூரியில் இருக்கிறீர்களா? இன்-ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கு மாடல் ராக்கெட்ரி போட்டி நடத்துகிறது. டீம் சேர்த்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போய்ப் பேசுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏதாவது விடணும்னா, தண்ணி ராக்கெட் இருக்கு. கூல்டிரிங்ஸ் பாட்டில் எடுங்கள். சாதா தண்ணி பாட்டில் வேண்டாம், அழுத்தம் தாங்காது. அட்டையில் மூன்று இறக்கை வெட்டி ஒட்டி, மூன்றில் ஒரு பங்கு தண்ணி ஊற்றி, சைக்கிள் வால்வு செருகிய ரப்பர் கார்க்கை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நீளமான டியூப் வைத்து, தள்ளி நின்று பம்ப் அடிங்க. எப்போது கிளம்பும் என்று சொல்லமுடியாது, அதனால் மூஞ்சியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீங்க. மாத்துத் துணி எடுத்துட்டுப் போனா நல்லது.