ரங்கூனிலிருந்து வந்த பதினொரு அட்டைகள்

போகிக்கு முந்தின நாள் மாலை நம் வளாகத்துப் பின்வாசலில் பழைய சாமான்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த நாற்காலி, ஓடாத மிக்ஸி, பழைய பாடப் புத்தகம் எல்லாம் கலந்து கிடந்தன. அந்தக் குவியலில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றும் இருந்தது. என் பழைய காகிதப் பித்து நம் காவலாளிக்குத் தெரியும். "சார், உள்ளே படம் போட்ட கார்டு இருக்கு, உங்களுக்கு வேணுமா?" என்று இன்டர்காமில் கூப்பிட்டார்.

பதினொரு பட அஞ்சலட்டைகள். எல்லாமே பர்மாவிலிருந்து வந்தவை. பெரும்பாலானவற்றில் தமிழ்க் கையெழுத்து.

டப்பா சி பிளாக்கிலிருந்து இறங்கியது என்று தெரிந்து மேலே போனேன். அந்த வீட்டு மகன், "தாத்தா காலத்துக் குப்பை சார், லாஃப்ட்டைக் காலி பண்ணினோம்" என்றார். அவருடைய அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். காலையில் துளசிச் செடிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர். ரங்கூனில் பிறந்து, 1964-ல் பதினெட்டு வயதில் இங்கே வந்தவர். டப்பா கீழே போனது அவருக்குத் தெரியாது. என் கையில் அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அட்டைகளைப் படித்துப் பார்த்து இந்தக் காலாண்டு இதழில் எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அட்டைகளின் கதை. அஞ்சலட்டை என்பது 1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தது. இந்தியாவில் 1879-ல் கால் அணா விலையில் வந்தது. அதில் படம் கிடையாது. படம் போட்ட அட்டை 1890-களில்தான் சூடு பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது உலகம் முழுக்க ஒரு பைத்தியமாகவே ஆனது. கப்பல் நிற்கும் துறைமுகங்களிலெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் அட்டை விற்றார்கள். கொழும்புக்கு பிளாட்டே கம்பெனி என்றால் ரங்கூனுக்கு இரண்டு பெயர்கள். ஒருவர் மௌல்மீனிலும் பிறகு ரங்கூனிலும் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் பிலிப் கிளியர். இன்னொருவர் சூலே பகோடா சாலையில் கடை வைத்திருந்த டி.ஏ. அஹுஜா என்ற இந்தியர். இன்று பழைய பர்மா அட்டை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் அது அஹுஜாவுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அஹுஜாவின் வண்ண அட்டைகள் ஜெர்மனியில் அச்சானவை. புகைப்படம் கறுப்பு வெள்ளை. நிறம் அச்சகத்தில் சேர்த்தது. பர்மாவைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அங்கே உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண்ணின் லுங்கிக்கு ரோஸ், அந்தக் குடைக்குப் பச்சை என்று முடிவு செய்திருப்பார். ஒரே படம் இரண்டு பதிப்பில் இரண்டு நிறத்தில் கிடைப்பது சேகரிப்பவர்களுக்குப் பழகிப்போன வேடிக்கை. அதனால் பழைய அட்டையில் உள்ள நிறத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உருவங்களை மட்டும் நம்புங்கள்.

அவற்றையும் கொஞ்சம் யோசித்தே நம்ப வேண்டும். நான் பர்மா அட்டை சேர்க்கத் தொடங்கியது 1983-ல், கல்லூரி நாட்களில், மூர் மார்க்கெட்டில். அது தீப்பிடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அன்றிலிருந்து இன்றுவரை சேர்ந்ததைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் நான்கே விஷயங்கள்தாம்: ஷ்வேடகான் பகோடா, தேக்கு மரம் தூக்கும் யானை, சுருட்டுப் பிடிக்கும் பர்மியப் பெண், படகு. கப்பலில் வந்து போகும் வெள்ளைக்காரர் ஊருக்கு அனுப்ப விரும்பியது அதுதான். கடைக்காரரும் அதைத்தான் விற்றார்.

ஆனால் அந்த ரங்கூன் எப்படிப்பட்ட ஊர்? 1931 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பகுதி தெலுங்கர். முகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் செட்டிநாட்டார். ஃப்ரேசர் தெருவில் தமிழர்கள் 1871-ல் கட்டிய காளி கோயில் இன்றும் இருக்கிறது. இப்படிப் பாதி ஊராக இருந்தவர்களை அட்டையில் தேடினால் ஓரத்தில்தான் கிடைப்பார்கள். பகோடா படத்தின் கீழ் மூலையில் ரிக்‌ஷா இழுப்பவர், தெருப் படத்தில் தண்ணீர் வண்டிக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய ஆள். தலைப்பில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம். அதனால் என் பழக்கம், அட்டை கையில் வந்ததும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு நான்கு ஓரத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது.

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். பதினொன்றில் பத்து வழக்கமான படங்கள். ஒன்று வேறு மாதிரி. டல்ஹௌசி தெரு, தூரத்தில் சூலே பகோடா, தெருவில் டிராம். படத்தின் மேல் இடது பக்கக் கட்டிட மூலையில் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பின்பக்கம் தமிழில் இப்படி: "குறி போட்ட இடத்தில் திரும்பினால் எங்கள் கிட்டங்கி. படத்தை வீட்டில் காட்டவும்."

கிட்டங்கி என்றால் செட்டியார் கடைகளும் அதன் ஆட்களும் ஒன்றாக இருந்த நீளமான கட்டிடம். பகலில் கணக்கு எழுதும் இடமே இரவில் படுக்கும் இடம். பெரியம்மாவின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். செட்டியார் கடை ஒன்றில் அடுத்தாளாக இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு என்பது அங்கே வழக்கம். கணக்கு முடித்தால்தான் ஊர்ப் பயணம். அட்டை அவருடைய அண்ணன் பெயருக்குப் போயிருக்கிறது. தபால்காரர் முதல் திண்ணையில் இருப்பவர் வரை எல்லோரும் படிக்கக்கூடிய திறந்த அட்டையில் மனைவிக்கு நேராக எழுதும் வழக்கம் அன்று இல்லை. "வீட்டில்னா எங்க அப்பாயிதான்" என்றார் பெரியம்மா. "அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்ல?"

வெள்ளைக்காரருக்காக அடித்த அட்டை. அதில் ஒரு அடுத்தாள் பேனாவால் தன் வீட்டைக் குறித்து மனைவிக்கு வழி காட்டியிருக்கிறார். நாற்பது வருடத்தில் நான் காசு கொடுத்து வாங்கிய எதிலும் இப்படி ஒன்று இல்லை.

இது எந்த ஆண்டு அட்டை? ஸ்டாம்பு இருந்தால் வேலை சுலபம். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் ஒரு மாகாணம். அதனால் அதுவரை அங்கே இந்திய ஸ்டாம்பேதான். அதற்குப் பிறகுதான் 'பர்மா' என்று மேலே அச்சடித்த ஸ்டாம்பு வந்தது. ராஜா தலையை வைத்தும் சொல்லலாம்: 1902 முதல் ஏழாம் எட்வர்ட், 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். ஆனால் இந்த அட்டையில் ஸ்டாம்பு இல்லை. பெரியம்மாவின் தம்பி சிறு வயதில் ஆல்பத்துக்காகக் கிழித்துவிட்டாராம். தபால் முத்திரையில் தேதி இருந்த பாதியும் அதோடு போய்விட்டது. உங்கள் வீட்டிலும் பழைய அட்டை இருந்தால் தயவுசெய்து ஸ்டாம்பைத் தொடாதீர்கள்.

சரி, மற்ற தடயங்கள். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு இடது பாதி செய்திக்கு, வலது பாதி முகவரிக்கு என்று பிரித்திருக்கிறது. பிரிட்டன் இதை 1902-லேயே அனுமதித்தாலும், 1906-ல் ரோமில் நடந்த அஞ்சல் மாநாட்டுக்குப் பிறகுதான் நாடு விட்டு நாடு போகும் அட்டைக்கும் அது பொதுவானது. அதற்கு முந்தைய அட்டைகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். அடுத்து, டிராமுக்கு மேலே மின்கம்பி தெரிகிறது. ரங்கூனில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1906-ல். அதற்கு முன் நீராவி டிராம். ஓரத்தில் ஜெர்மனியில் அச்சானது என்ற வரி இருக்கிறது. 1914-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆக அச்சானது ஏறக்குறைய 1907-க்கும் 1914-க்கும் நடுவில்.

அச்சான தேதியும் அனுப்பிய தேதியும் ஒன்றல்ல என்பதை இந்த அட்டையே காட்டிக்கொடுத்தது. செய்தியின் தலைப்பில் தாத்தா 'சித்தார்த்தி வருஷம் ஆவணி' என்று எழுதியிருக்கிறார். நம் அறுபது வருடச் சுற்றில் சித்தார்த்தி 1859, 1919, 1979 என்று வரும். முன்னதும் பின்னதும் சாத்தியமே இல்லை. எனவே 1919 ஆகஸ்ட், செப்டம்பர். போருக்கு முன் வந்த சரக்கு ஐந்தாறு வருடம் கடையில் கிடந்து விற்றிருக்கிறது. 'மழை விடவில்லை' என்றும் ஒரு வரி இருக்கிறது. ரங்கூனில் ஆகஸ்டு என்றால் அப்படித்தான்.

மீதி அட்டைகளில் இருப்பவற்றில் சில இன்று இல்லை. மாண்டலே அரண்மனை 1945 மார்ச்சில் போரில் எரிந்தது. இப்போது அங்கே நிற்பது பிறகு கட்டியது. ஐராவதி ஆற்றின் நீராவிக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை 1942-ல் ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று அவற்றின் கம்பெனியே மூழ்கடித்தது. பெகுவில் உள்ள ஷ்வேமாவ்டா பகோடா 1930 மே மாத நிலநடுக்கத்தில் சரிந்து, 1950-களில்தான் மறுபடி எழுந்தது.

மனிதர்கள் கதை வேறு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் காட்டு வழியிலும் வெளியேறினார்கள். நடந்தவர்களில் பல ஆயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். பிறகு அதைப் புத்தகமாகவும் எழுதினார். பெரியம்மாவின் அப்பாவும் நடந்துதான் வந்தார். போர் முடிந்ததும் திரும்பிப் போனார். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவிப்பு வந்தது. நம் ஊர் பர்மா காலனிகளும் பர்மா பஜாரும், நாம் தெருவோரம் நின்று சாப்பிடும் அத்தோவும் அதற்குப் பிறகு வந்தவை.

"கப்பல் ஏறும்போது காதில் கிடந்த தோட்டைக்கூட விடலை" என்றார் பெரியம்மா. வீட்டில் இருந்த புகைப்பட ஆல்பங்களும் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் ரங்கூன் என்று கையில் காட்ட மிஞ்சியவை இந்தப் பதினொரு அட்டைகள்தாம். அவை முன்பே கடல் தாண்டி, அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் பிழைத்தன. அறுபது வருடம் கழித்து, நம் பின்வாசலில் போகிக்குப் போக இருந்தன. மகனைக் குறை சொல்லவில்லை. படத்தில் இருப்பது எந்தத் தெரு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பாதுகாப்பது பற்றிச் சிலர் கேட்பீர்கள். அட்டையை லேமினேட் செய்யாதீர்கள். பசை உள்ள ஆல்பத்தில் ஒட்டவும் வேண்டாம். ஒட்டினால் எடுக்கும்போது பாதி எழுத்து அங்கேயே தங்கிவிடும். பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெளிச்சுவர் ஓரமாக இல்லாத அலமாரியில் வையுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்காட்சி ஒன்றில் அழகான யானை அட்டைக்கு நான் எண்ணூறு ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அது புது அச்சு. கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கில் காட்டியபோது காகிதம் பளீரென்று ஒளிர்ந்தது. சுமார் 1950-க்கு முந்தைய காகிதத்தில் அந்த வெண்மைப் பூச்சு இருக்காது, ஒளிராது. நம் வாசல் மளிகைக் கடையில் அந்த விளக்கு இருக்கிறது. கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே சுவிட்சைப் போட்டுவிடுகிறார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அட்டைகள் உறைக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெரியம்மா சொல்லச் சொல்ல, அவருடைய மகனே தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறார். நோட்டீஸ் போர்டில் நகல் போட்டிருக்கிறோம். குறி போட்ட மூலையைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த அட்டையின் கடைசி வரி இடப் பக்கம் இடம் போதாமல் முகவரிக்கு மேலே ஏறி, ஸ்டாம்புக்குப் பக்கம் வரை போகிறது. "கணக்கு முடிய இன்னும் ஒன்பது மாதம். முடிந்ததும் ஊருக்கு" என்பது வரை இருக்கிறது. அடுத்த வார்த்தை, தம்பி ஸ்டாம்பைக் கிழித்தபோது அட்டையின் மேல் தோலோடு உரிந்துவிட்டது. அந்தத் தம்பி இப்போது கோவையில் இருக்கிறார். ஆல்பம் மாடி அறையில் எங்கோ இருக்கிறதாம். கால் அணா மதிப்புள்ள சாம்பல் நிற ஸ்டாம்பு, ஐந்தாம் ஜார்ஜ் தலை, ஓரத்தில் கொஞ்சம் அட்டை ஒட்டியிருக்கும் என்று அடையாளம் சொல்லித் தேடச் சொல்லியிருக்கிறோம்.