முன்கழுத்துக் கழலை

தைராய்டு சுரப்பி பெருத்து, கழுத்தின் முன்புறம் புடைத்துத் தெரியும் நோய் முன்கழுத்துக் கழலை எனப்படும். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டிப் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் இச்சுரப்பியின் எடை பெரியவர்களுக்குச் சுமார் 20 கிராம். கழலை மிகப் பெருத்தால் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அழுந்தி, மூச்சு விடுவதும் விழுங்குவதும் கடினமாகும். இந்நோய்க்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் வரலாற்றில் மிகுதியான மக்களைப் பாதித்தது அயோடின் பற்றாக்குறை.

தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் இன்றியமையாதது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அது கிடைக்காதபோது ஹார்மோன் குறைகிறது. பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை மேலும் மேலும் தூண்டுகிறது. தூண்டப்பட்ட சுரப்பி வளர்ந்துகொண்டே போகிறது. கழுத்து வீக்கம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. கருவுற்ற பெண்ணுக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால், பிறக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறைவும் காது கேளாமையும் குள்ளத்தன்மையும் நேரலாம்.

பழங்காலத்தவர் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை இதைக் கலகண்டம் என்ற பெயரில் விவரிக்கிறது. சீன மருத்துவர்கள் கடற்பாசியை மருந்தாகக் கொடுத்தனர். ஆல்ப்ஸ் மலைவாசிகளின் கழுத்து வீக்கத்துக்கு அங்குள்ள தண்ணீரே காரணம் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதினார். மத்திய ஆசியாவின் யார்க்கண்டில் இதே வீக்கத்தைக் கண்ட மார்க்கோ போலோவும் தண்ணீரையே காரணமாகச் சொன்னார். மழையும் பனியாறுகளும் மலைமண்ணிலிருந்து அயோடினைக் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால், அம்மண்ணில் விளையும் உணவிலும் ஊறும் நீரிலும் அது குறைவாக இருக்கும் என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

1811இல் பெர்னார்ட் கூர்த்துவா என்ற பிரெஞ்சு வேதியியலாளர், வெடிமருந்துக்கான வெடியுப்புத் தயாரிப்பின்போது கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைக் கூடுதலாக ஊற்றினார். ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடங்களில் கருமையான படிகங்களாகப் படிந்தது. அதுவே அயோடின். கழலைக்குச் சுட்ட கடற்பஞ்சின் சாம்பலைக் கொடுப்பது ஐரோப்பாவில் நெடுங்கால வழக்கம். அச்சாம்பலில் வேலை செய்வது அயோடினாகவே இருக்க வேண்டும் என்று கருதிய ஜெனீவா மருத்துவர் குவாந்தே, 1820இல் அயோடினையே நோயாளிகளுக்குக் கொடுத்தார். வீக்கம் வற்றியது. ஆனால் அளவு மிகுந்ததால் பலருக்கு நஞ்சின் அறிகுறிகள் தோன்றி, எதிர்ப்புக் கிளம்பியது. அயோடின் கலந்த உப்பை மக்களுக்கு வழங்கலாம் என்று 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ தென் அமெரிக்காவிலிருந்து எழுதிய யோசனையும், மண்ணில் அயோடின் இன்மையே நோய்க்கு மூலம் என 1850களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஷத்தேன் முன்வைத்த கருத்தும் அப்போது ஏற்கப்படவில்லை.

அறுவை மருத்துவத்தில் திருப்பத்தை உண்டாக்கியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர் தியோடர் கோகர். கழலை அறுவையின் உயிரிழப்பை அவர் மிகவும் குறைத்தார். 1874இல் அவர் ஒரு சிறுமியின் தைராய்டை முழுவதுமாக அகற்றியிருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது அவள் முகம் உப்பி, பேச்சும் அறிவும் மந்தமாகி, தங்கையைவிடக் குள்ளமாக இருந்தாள். தம் பழைய நோயாளிகளை வரவழைத்துப் பரிசோதித்த கோகர், முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதே நிலை நேர்ந்ததை 1883இல் வெளிப்படையாக அறிவித்தார். அதன்பின் சாதாரணக் கழலைகளுக்கு முழுச் சுரப்பியையும் அகற்றுவதை நிறுத்தினார். தைராய்டு உடலுக்கு எவ்வளவு தேவை என்பதை உணர்த்திய ஆய்வுகளில் இது முக்கியமானது. 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதனிடையே, 1895இல் ஜெர்மன் வேதியியலாளர் ஓய்கன் பௌமன் தைராய்டுக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார்.

பற்றாக்குறைக் கொள்கை இதனால் வலுப்பெற்றது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் மருத்துவர்கள் டேவிட் மரைனும் கிம்பலும் 1917 முதல் பள்ளி மாணவியருக்கு ஆண்டுக்கு இருமுறை சோடியம் அயோடைடு கொடுத்தனர். மருந்து உட்கொண்ட 2,190 பேரில் 5 பேருக்கு மட்டுமே சுரப்பி பெருத்தது. உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்குப் பெருத்தது. 1922இல் சுவிட்சர்லாந்திலும், 1924இல் மிச்சிகனிலும் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் இமயமலை அடிவாரம் கழலை மிகுந்த பகுதியாக இருந்தது. அங்குள்ள காங்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமியும் உடன் ஆய்வாளர்களும் 1956இல் ஒரு சோதனையைத் தொடங்கினர். இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும் மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நேரடி உணவுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்குப் பின்னர் விதிக்கப்பட்ட தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வந்துசேரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் 76.3 விழுக்காட்டு வீடுகளில் இந்த அளவு இருந்தது. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட தமிழ்நாட்டில் அது 61.9 விழுக்காடு, மாநிலங்களில் இதுவே கடைசி இடம். இங்கே சமையலுக்குப் பரவலாகப் புழங்கும் கல் உப்பில் பெரும்பகுதி உப்பளத்திலிருந்து அப்படியே கடைக்கு வருவது இதற்கு ஒரு காரணம்.

நாட்பட்டு முடிச்சு விழுந்த கழலை அயோடின் உட்கொண்டாலும் கரைவது அரிது. அறுவையோ வேறு சிகிச்சையோ தேவைப்படலாம். ஆகவே வருமுன் காப்பதே சிறந்த வழி. ஒருமுறை மண்ணிலிருந்து போன அயோடின் எளிதில் திரும்பி வருவதில்லை என்பதால், ஒரு தலைமுறையில் நோய் மறைந்துவிட்டாலும் உப்பில் அயோடின் சேர்ப்பதை நிறுத்த முடியாது.