புதுச்சேரியின் உணவும் பயணிகளின் பதிவும்

உணவுக்குப் பெயர்பெற்ற பிரான்சிய நகரம் எது என வினவினால் ஐரோப்பியர் பெரும்பாலும் லியோன் நகரையே சுட்டுவர். தமிழர் இவ்வினாவுக்கு விடைகாண அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. வங்கக் கடலோரத்தில், 1674 ஆம் ஆண்டு பிரான்சுவா மார்த்தேன் என்பவராற் பிரான்சிய வணிக நிலையமாக நிறுவப்பெற்று, இடையிடையே ஒல்லாந்தராலும் ஆங்கிலேயராலும் கைப்பற்றப்பட்டு, 1954 நவம்பர் 1 ஆம் நாள் இந்திய ஆட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட புதுச்சேரி நம் அயலிலேயே உள்ளது. அங்குச் சென்ற பயணிகள் பலர் தாம் கண்டவற்றை எழுதிவைத்துள்ளனர். ஆயினும், அந்நகரின் துறையைக் கடந்து சென்றோருட் பெருந்தொகையினர் எதனையும் எழுதவில்லை. எழுதிய பயணிகளையும் எழுதாத பயணிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றிப் புதுச்சேரியின் உணவு வரலாறு முழுமை பெறாது. இவ்வுண்மை ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கும் பொருந்துவதாகும்.

அரிக்கமேடு தரும் சான்று

புதுச்சேரிப் பகுதிக்கு அயல்நாட்டார் உணவுப் பொருள்களோடு வந்த வரலாறு பிரான்சியரோடு தொடங்கியதன்று. நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் அகழ்வாய்வு நடத்தினார். அதனைத் தொடர்ந்து 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரான்சிய அறிஞர் அங்கு ஆய்வு செய்தார். இருபிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்குப் பெருமளவிற் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் மட்டுமன்றி, ஒலிவ் எண்ணெயும் மீனைப் புளிக்கவைத்து வடித்த சாறும் அச்சாடிகளில் வந்தன என்பது பிற்கால ஆய்வுகளாற் புலனாகியுள்ளது. யவனர் கலங்களில் வந்த மதுவைப் பற்றிச் சங்கச் செய்யுள் பேசுவதைத் தமிழ் மாணவர் நன்கறிவர். செய்யுள் பாடாது விட்ட எண்ணெயையும் மீன்சாற்றையும் உடைந்த ஓடுகள் காட்டிக்கொடுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. எழுத்து விட்டதை எச்சம் உரைக்கும் என்பதற்கு இது முதற் சான்றாகும்.

விருந்தும் முற்றுகையும்

பிரான்சியர் காலத்துப் புதுச்சேரியை அறிய உதவும் தலையாய தமிழ் ஆவணம் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பாகும். தேசாதிபதி தூப்ளேயின் துபாசியாக விளங்கிய அவர் பயணியல்லர், நகரத்து வணிகர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய குறிப்புகளிற் கப்பல்களின் வருகை, பண்டங்களின் விலை, தேசாதிபதி மாளிகையின் கொண்டாட்டங்கள், அவ்வேளைகளில் முழங்கிய பீரங்கி மரியாதைகள் ஆகியன இடம்பெறுகின்றன. தூப்ளே ஆட்சிபுரிந்த 1742 தொடக்கம் 1754 வரையிலான காலமே அந்நகரின் செல்வம் உச்சநிலை எய்திய காலம் எனலாம்.

அச்செல்வம் நீடிக்கவில்லை. 1760 இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நகரை முற்றுகையிட்டார். உணவு அருகியபோது, பிரான்சியத் தளபதி லாலி, நகரிலிருந்த இந்தியக் குடிமக்கள் பலரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். எஞ்சிய தானியம் போர்வீரர்க்கு வேண்டும் என்பதே காரணம். வெளியேறியோரை ஆங்கிலேயர் தம் அரண்களைக் கடந்து செல்ல விடவில்லை. இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே, ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பல நாள்கள் பசியோடு தவித்தனர். 1761 ஜனவரியில், உணவு முற்றாகத் தீர்ந்த நிலையில், நகரம் சரணடைந்தது. ஆனந்தரங்கப்பிள்ளை இறந்ததும் அதே மாதத்திலாகும். வெற்றிபெற்ற ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

விருந்துக்குப் பெயர்பெற்ற நகரிற் பஞ்சம் நேர்ந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டோர் யாவர் என்ற வினாவை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. சமைத்தோரும் சுமந்தோரும் நெய்தோருமே வெளியே தள்ளப்பட்டனர்; பந்தியில் அமர்ந்தோர் உள்ளே இருந்தனர்.

இரு பிரான்சியப் பயணிகள்

இடிபாடுகளின் மேல் நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்த 1768 ஆம் ஆண்டில் லெ ஜொந்தீல் என்னும் வானியலறிஞர் அங்கு வந்தார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லும் அரிய காட்சியை அளவிடுவதே அவரது நோக்கம். 1761 இல் இதே நோக்கத்தோடு புறப்பட்டவர், நகரம் ஆங்கிலேயர் வசமானதாற் கரையிறங்க இயலாது திரும்பியவர். 1769 ஜூன் மாதத்தில் நிகழ்ந்த இரண்டாவது கடப்பையும் மேகம் மறைத்துவிட்டது. எட்டு ஆண்டுக் காத்திருப்பு ஒரு காலைப்பொழுதில் வீணாயிற்று. ஆயினும், அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. சோழிகளை நிலத்திற் பரப்பி, மனனஞ்செய்த வாய்பாடுகளின் துணையோடு கிரகணங்களைக் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடம் கேட்டறிந்தார். ஐரோப்பிய அட்டவணைகளோடு அக்கணிப்பை ஒப்பிட்டு, அதன் நுட்பத்தைத் தம் நூலிற் பதிவுசெய்தார். வானைக் காண வந்தவர் வானத்தைக் காணாது மனிதரைக் கண்டார் எனலாம்.

துபுவா என்னும் பாதிரியார் 1792 இற் புதுச்சேரியை அடைந்தவர். அவர் பின்னர் மைசூர்ப் பகுதியிற் பணிபுரிந்தார். அவர் இந்நாட்டு உடையை அணிந்து, புலாலைத் துறந்து, மக்களின் உணவையே தாமும் உண்டு வாழ்ந்தார். யாரோடு யார் உண்பர், எதனை யார் தொடுவர் என்னும் வழக்கங்களை அவர் பெயரில் வெளிவந்த நூல் விரிவாகக் கூறுகின்றது. அந்நூலின் பெரும்பகுதி, அவருக்கு முற்பட்ட கேர்து என்னும் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியைத் தழுவியது என 1987 இல் வெளியான ஆய்வொன்று நிறுவியது. எழுதப்பட்ட பயணத்திலும் யாருடைய அனுபவம் யாருடைய பெயரில் வழங்குகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

வடகத்தின் பயணம்

புதுச்சேரி நகரின் நடுவே ஓடும் வாய்க்கால், கடலோர வெள்ளையர் நகரையும் மேற்கிலுள்ள தமிழர் நகரையும் பிரித்து நின்றது. மக்களைப் பிரித்த வாய்க்காலைச் சமையல் கடந்தது. வெள்ளையர் இல்லங்களில் அடுப்பை மூட்டியோர் தமிழர் ஆதலின் இது வியப்பன்று. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் முதலியவற்றை இடித்துப் பிசைந்து, உருண்டையாக்கி, வெயிலிற் காயவைத்து எடுப்பது தாளிப்பு வடகம். இவ்வடகம் பிரான்சியர் நாவில் ‘வாதுவான்’ ஆயிற்று. இன்று ஐரோப்பியச் சமையற் கலைஞர் அதனைப் பிரான்சியச் சாயல் கொண்ட மசாலையாகப் போற்றுகின்றனர். அதனை முதலில் வெயிலில் உலர்த்திய பெண்ணின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவள் வைத்த சொல் மட்டும் கடல் கடந்துள்ளது.

எழுதாத பயணிகள்

19 ஆம் நூற்றாண்டிற் புதுச்சேரியும் காரைக்காலும் வேறொரு வகைப் பயணிகளின் துறைகளாயின. பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் 1848 இல் அடிமைமுறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். றீயூனியன் தீவுக்கு அதற்கு முன்னரே தமிழர் சென்றிருந்தனர். 1853 இற் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரேலி என்னும் கப்பல் முதற் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854 இல் குவாதலூப்பை அடைந்தது. 1883 வரையில் மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும், 1889 வரையிற் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர்.

விருந்துக்குப் பெயர்பெற்ற நகரை அவர்கள் கண்டது, கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட கொட்டகையிலிருந்தாகும். அவர்களின் ஒப்பந்தத்தில் அரிசியும் ஊதியத்தின் ஒரு கூறாக இருந்தது. அரிசிக்காகவே அவர்கள் கடல் கடந்தனர் எனினும் மிகையாகாது.

அவர்கள் நூல் எழுதவில்லை. ஆனால் சென்ற இடங்களிற் சமைத்தனர். றீயூனியனில் உணவோடு தொட்டுக்கொள்ளும் காரமான துணைக்கறி ‘ருகாய்’ எனப்படும். அது ஊறுகாய் என்னும் நம் சொல்லின் வழிவந்தது என்பர். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மசாலையிட்டு ஆக்கப்படும் ஆட்டிறைச்சிக் கறி ‘கொலொம்போ’ எனப்படுகின்றது. மாரியம்மன் வழிபாட்டிற் பலியிடப்படும் ஆட்டின் இறைச்சியும் அவ்வாறே சமைக்கப்படுகின்றது. இப்பெயர் குழம்பு என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்போரும், இலங்கைத் தலைநகரின் பெயரே என்போரும் உளர். எவ்வாறாயினும், தமிழ் பேச மறந்த தலைமுறையினரின் நாவிலும் பாட்டனின் அடுப்பு அணையவில்லை என்பது தெளிவு. அரிக்கமேட்டு ஓடுகளைப் போன்று இச்சொற்களும் எச்சங்களே.

ஊவாவுக்குரிய பாடம்

இதே நூற்றாண்டில், இதே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மற்றொரு கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து மலையேறியோரே இலங்கையின் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய ஊவாப் பகுதிகளுக்கு வந்தோர் மேலும் தொலைவு நடந்தனர். புகையிரதம் பதுளையை எட்டியது 1924 இலேதான். கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869 இல் முதன்முதல் இனங்காணப்பட்டது மடுல்சீமைத் தோட்டமொன்றிலாகும். அதன்பின் தேயிலை வந்தது. பயிர் மாறியபோதும், தோட்டக் களஞ்சியத்தில் அரிசி பெற்று அதன் விலையைச் சம்பளத்தில் ஈடுசெய்யும் முறை நெடுங்காலம் நீடித்தது.

ஊவாவுக்கும் எழுதும் பயணிகள் வந்தனர். தேசாதிபதி பிரவுன்றிக்கின் மருத்துவராகிய ஜோன் டேவி 1819 இல் இப்பகுதியிற் பயணஞ்செய்து, 1817–1818 கிளர்ச்சியை அடக்கியோர் விட்டுச்சென்ற அழிவினைத் தம் நூலிற் குறித்துள்ளார். வயல்களும் வீடுகளும் அழிக்கப்பட்ட அவ்வரலாறு, பசியைப் படைக்கலமாக்கிய புதுச்சேரி முற்றுகையை நினைவூட்டுகின்றது. ஆனால், பின்னர் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தம் வழிப்பயணத்தில் எதனை உண்டனர், எங்குப் பட்டினி கிடந்தனர், இறந்தோரை எவ்விடத்திற் புதைத்தனர் என்பனவற்றை அவர்கள் கைப்பட எழுதிய நூல் எதுவும் இல்லை. அண்மைக் காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாக வாட்டியது. 1974 இல் தோட்டப்பகுதி இறப்பு வீதம் உயர்ந்தமையைப் புள்ளிவிபரங்கள் காட்டுகின்றன. அரிசியும் மாவும் கிடையாத அந்நாள்களில் ஒரு தாய் பிள்ளைகளுக்கு எதனை அவித்துக் கொடுத்தாள் என்பதைப் புள்ளிவிபரம் காட்டாது. அதனை அறிந்தோர் இன்று முதியோராயினர்.

முடிவுரை

புதுச்சேரியின் உணவைப் பற்றி நாம் அறிவன யாவும் மூவகைச் சான்றுகளால் அறியப்பட்டவை. ஒன்று, கற்றோர் எழுதிய நூலும் நாட்குறிப்பும். மற்றொன்று, மண்ணிற் புதைந்த ஓடு. மூன்றாவது, அடுப்படியில் வாழும் சொல். முதலாவது மாளிகைக்கு அண்மையிலிருந்தோரையே பெரிதும் பேசுகின்றது. ஏனைய இரண்டும் எழுதாதோர்க்கும் வாய் தருகின்றன.

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துரைமாரின் நினைவுக் குறிப்புகளையும் நிருவாக அறிக்கைகளையும் கற்றல் வேண்டும். ஆயினும், அவற்றோடு அமைதல் கூடாது. லயத்து அம்மியில் அரைக்கப்பட்ட கூட்டுக்கும், வேலைக்காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரொட்டிக்கும், பஞ்ச காலத்திற் பறித்துண்ட கீரைக்கும் பெயர்கள் உண்டு. அப்பெயர்களை, அவற்றைச் சொல்லக்கூடியோர் வாழும்போதே, ஊர்தோறும் கேட்டு எழுதிவைத்தல் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மார்த்தினிக்கில் ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர் இன்று வாதிடுகின்றனர். முதற் கப்பலில் வந்த ஒருவரிடம் அதனை அன்று யாரேனும் கேட்டு எழுதியிருந்தால் அவ்வாதத்துக்கு இடமிருந்திராது. பசறையில் அத்தகைய கேள்வியைக் கேட்க இன்னும் காலம் உண்டு.