வீடு இருக்கு... கமிட்டி கூடலை!

சிங்காரப்பேட்டை தெரியுமா உங்களுக்கு? கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், ஊத்தங்கரையைத் தாண்டினால் வரும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து ஒரு கணவாய். அந்தப் பக்கம் செங்கம். 1767-ல் ஹைதர் அலியின் படை விரட்ட, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை இந்த வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கியது. கணவாய் யார் கையில் இருக்கிறதோ, அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த ஊர்ப் பையன் ஒருவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திடீரென்று மும்பைக்கு மாற்றிவிட்டார்கள். புறநகரில் ஒரு ஃப்ளாட் பார்த்தான். ஓனருக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாடகை, டெபாசிட் எல்லாம் பேசி முடித்தாயிற்று.

சாவி?

'சொசைட்டி கமிட்டி ஓகே சொல்லணும். ஞாயித்துக்கிழமை கூடுவாங்க' என்றார் ஓனர்.

முதல் ஞாயிறு, செயலாளர் ஊரில் இல்லை. இரண்டாவது ஞாயிறு, கோரம் இல்லை. மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கல்யாணம் ஆயிடுச்சா? கறி, மீன் சாப்பிடுவீங்களா? முழுப் பெயர் என்ன? எல்லாம் கேட்டுவிட்டு, 'சொல்றோம்' என்றார்கள். அன்று ராத்திரி லாட்ஜிலிருந்து எனக்கு போன் செய்தான்.

'வீடு அவரோடது. வாடகை என்னோடது. நடுவுல இவங்க யாருண்ணே?'

நியாயமான கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

நான் பி.காம். படித்தபோது கூட்டுறவு பற்றி உருப்போட்டது இன்னமும் ஞாபகம் இருக்கிறது. 1844. இங்கிலாந்தில் ராச்டேல் என்கிற ஊர். நெசவாளிகள் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். அவர்கள் வழிவந்த கொள்கைகளில் முதலாவது: கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வி. தவறாமல் வரும்.

இந்தியாவுக்குக் கூட்டுறவுச் சட்டம் 1904-ல் வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட அறிக்கைகளில் முக்கியமானது நம் மதராஸ் மாகாணத்து அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் எழுதியது. ஆனால், அந்தச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டும்தான். மற்ற வகைச் சங்கங்களுக்கு 1912-ல்தான் வழி பிறந்தது.

மைசூர் சமஸ்தானம் அதுவரை காத்திருக்கவில்லை. 1905-லேயே தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டது. 1909-ல் பெங்களூரில் ஒரு வீடுகட்டும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்று சொல்லப்படுவது அதுதான். ஆக, ஆரம்பம் ஓசூருக்குப் பக்கத்து ஊரில்!

ஆனால், நம் பையனை லாட்ஜில் உட்கார வைத்த விதியின் பூர்வீகம் பம்பாய்.

1896-ல் பம்பாயில் பிளேக். ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்வதுதான் காரணம் என்று 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசாங்கம் அமைத்தது. பழைய குடியிருப்புகளை இடித்தார்கள். புது மனைகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகையோ எட்டாத உயரம். கன்னடக் கடற்கரையிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்திருந்த சரஸ்வத் சமூகத்தார் திண்டாடினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மாகி. 1906-ல் தன் சமூகத்துக்காக ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கியவர். 1915-ல் கம்தேவி பகுதியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்.

ஏற்பாடு எளிமையானது. டிரஸ்டிடமிருந்து நிலத்தைச் சங்கம் குத்தகைக்கு எடுக்கும். கட்டடம் சங்கத்துடையது. உறுப்பினர் பங்கு வாங்குவார். அவருக்கு ஒரு வீடு ஒதுக்கப்படும். அதற்கு மாதாமாதம் சங்கத்துக்கு வாடகை கட்டுவார். அதாவது, சேர்ந்து பார்த்தால் எல்லோரும் முதலாளி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் குடித்தனக்காரர்!

இப்போது புரிகிறதா? சங்கத்தின் வாடகைக்காரர் இன்னொருவருக்கு உள்வாடகை விடுவதென்றால் சங்கத்தைக் கேட்டாக வேண்டும். நாலு பேர் பணத்தில் கட்டிய வீட்டை ஒருவர் கூடுதல் வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தால், எந்த வீட்டுக்காரனிடமிருந்து தப்பி ஓடி வந்தார்களோ, அதே வீட்டுக்காரன் உள்ளேயே முளைத்துவிடுவான் இல்லையா? ஆரம்பத்தில் அந்த அனுமதி ஒரு கவசம்.

தமிழ்நாட்டில் நமக்கு இந்த அனுபவம் குறைவு. நம் ஊர் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் பெரும்பாலும் வீடு கட்டக் கடன் கொடுத்தவை. சென்னையிலோ ஓசூரிலோ ஃப்ளாட் வாங்கினால், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உங்கள் பெயரில் பத்திரமாகிறது. மும்பை சொசைட்டியில் உங்கள் கையில் இருப்பது பங்குப் பத்திரம். அதனால்தான் கமிட்டிக்கு அங்கே அவ்வளவு பலம்.

கவசம் எப்போது கத்தியானது? தேதி சொல்ல முடியாது. வீட்டின் விலை ஏற ஏற, பயம் விலையை விட்டு மனிதர்கள் மேல் நகர்ந்தது. 'யார் லாபம் பார்க்கிறார்கள்?' என்ற கேள்வி, 'யார் உள்ளே வருகிறார்கள்?' என்று மாறியது. தல்மாகியின் சங்கத்திலேயே ஒரு சமூகத்தின் பெயர் இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அகமதாபாத்தில் பார்சிகளுக்காக 1926-ல் பதிவான ஒரு வீட்டுச் சங்கம், உறுப்பினராகப் பார்சிகள் மட்டுமே வரலாம் என்று விதி வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ல் தீர்ப்பு: விதி செல்லும். சங்கம் அமைப்பவர்களுக்கு, யாரோடு சேர்வது என்று முடிவு செய்ய உரிமை உண்டு. மாற்ற வேண்டுமானால் சட்டமன்றம் மாற்றட்டும்.

ராச்டேல்காரர்கள் கேட்டிருந்தால் என் ஐந்து மார்க்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

காசு விஷயத்தில் மட்டும் கடிவாளம் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டால், 'நீ குடியிருக்கவில்லை' என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்குவது மும்பை வழக்கம். சில சொசைட்டிகள் தீட்டித் தள்ளின. சேவைக் கட்டணத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்று 2001-ல் மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. ஒரு சொசைட்டி எதிர்த்துப் போனது. 2007-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவு சரியென்றது. பின்னால் வந்த மாதிரி துணைவிதிகளோ, எட்டு நாள் முன்னதாகத் தகவல் சொன்னால் போதும் என்கின்றன. தகவல்தான், அனுமதி இல்லை.

மகாராஷ்டிரச் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. உறுப்பினராக விண்ணப்பித்தவருக்கு மூன்று மாதத்துக்குள் சங்கம் பதில் சொல்லாவிட்டால், அவர் சேர்ந்துவிட்டதாகவே அர்த்தம். ஆனால், அது வீடு வாங்குபவருக்கு. வாடகைக்கு வருபவன் உறுப்பினர் இல்லையே. அவனுக்குக் கெடுவும் கிடையாது, காரணமும் கிடையாது. 'சொல்றோம்' மட்டும்தான்.

பையன் நாலாவது ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வேலைக்கு இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டான். அந்த ஓனரின் ஃப்ளாட் பூட்டியே கிடந்தது. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் அவர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு லாபம்?

இவங்க யாருண்ணே என்று கேட்டாய் அல்லவா, தம்பி? ஒரு காலத்தில் உன்னை மாதிரியே வெளியூரிலிருந்து வந்து, வீடு கிடைக்காமல் வாசலில் நின்றவர்களின் வாரிசுகள். உள்ளே போனதும் கணவாயைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.