சிலோன் ரேடியோ கேட்ட சனம்

தச்சநல்லூரில் இருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 550 கிலோமீட்டர். கொழும்புக்குப் போட்டால் 300 சொச்சம்தான் வரும். நடுவில் கடல் கிடக்கிறதால கொழும்பு ரொம்ப தூரம்னு நமக்குத் தோணும். ரேடியோவுக்கு அப்படித் தோணாது. மீடியம் வேவ் என்கிற மத்திய அலை, தரையைவிட உப்புத் தண்ணீர் மேலே வலு குறையாமல் வெகு தூரம் போகும். மெட்ராஸ் ஸ்டேஷன் எங்க பக்கம் கொரகொரன்னு இழுத்துக்கிட்டு கிடந்த காலத்தில், கொழும்பு பக்கத்துத் தெருவில் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. எங்க ஜில்லா சனம் முப்பது வருஷத்துக்கு மேல சிலோன் ரேடியோவே கதின்னு கிடந்ததுக்கு முதல் காரணம் இந்தக் கடல்தான்.

இரண்டாவது காரணம் டெல்லி.

கொழும்பில் 1925-லேயே வானொலி வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக அங்கே பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். போர் முடிந்ததும் அது சிலோன் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949-ல் ‘ரேடியோ சிலோன்’ என்று பெயர். 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு, அதாவது விளம்பரம் வாங்கிப் பாட்டு போடுகிற சேவை தொடங்கியது. அந்தச் சமயம் பார்த்து 1952-ல் இங்கே தகவல் ஒலிபரப்பு மந்திரியாக பி.வி. கேஸ்கர் வந்தார். அவருக்கு சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம். சினிமாப் பாட்டு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது. பாட்டு வேணும்னு நினைத்தவன் எல்லாம் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினான். வடக்கே இந்திக்காரர்களும் அப்படித்தான். அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா அதே 1952-ல் கொழும்பில் இருந்துதான் ஆரம்பித்தது. டெல்லிக்குப் புத்தி வந்து விவித் பாரதி தொடங்க 1957 ஆகிவிட்டது. அதுக்குள்ளே சனம் கைமாறிப் போச்சு.

1963-ல் திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் வந்தது. நல்ல நிலையம். விவசாயிக்கு நம்ம அரசாங்க வானொலி செய்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்கிற நெல் ரேடியோ சொல்லித்தான் பரவியது. அதுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர். ஆனால் உரமும் பூச்சி மருந்தும் கேட்டு முடித்ததும் முள் மறுபடி கொழும்புக்குத்தான் போகும்.

நான் சொல்லுகிறது எழுபதுகளின் கடைசி. தச்சநல்லூர் அப்போ மாநகராட்சியில் இல்லை. 1994-க்குப் பிறகுதான் அந்தக் கதை. நெல்லைக் கால்வாய்த் தண்ணியில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த ஊர். ரேடியோ வைத்திருந்த வீடுகளில் ஓட்டுக்குக் கீழே, கொசுவலை மாதிரி பின்னின கம்பி ஏரியல் ஒன்று நீளமாகத் தொங்கும். ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் உண்டு, வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டணும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அது வயலுக்கும் வந்தது. ஓட்டை போட்ட தோல் உறை மாட்டி, வரப்பில் மண்வெட்டிக் கணை மேலே தொங்கும். கட்டை தீர்ந்து போச்சுன்னா வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். (டவுன்ல இதை பேட்டரி என்பாக, எங்களுக்குக் கட்டைதான்.)

நேரம் பார்க்கக் கடிகாரம் தேவைப்படாது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ வந்தால் மாட்டை அவிழ்க்கணும். ‘பிறந்தநாள் வாழ்த்து’ ஓடும்போது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பணும். ராத்திரி ‘இரவின் மடியில்’. பிசானம் அறுத்துப் போட்ட களத்தில், தை மாசிப் பனியில், சாக்கைப் போர்த்திக்கிட்டு நெல்லுக்குக் காவல் கிடந்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சி என்னவாக இருந்தது என்று ஏசி ரூமில் பாட்டு கேட்கிற உங்களுக்கு எப்படிச் சொல்ல! தூங்காமல் இருக்கத்தான் ரேடியோ. ஆனால் அந்தப் பாட்டுகள் தூங்க வைக்கிற பாட்டுகள். பெரியவர்கள் அதுக்காகவே ஏசுவார்கள்.

அறிவிப்பாளர்கள் எங்களுக்கு சினிமா நடிகர்களுக்குச் சமம். எஸ்.பி. மயில்வாகனம் என் அப்பா காலத்து ஆள். என் காலத்தில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். ராஜா பேசினால் மூச்சு விட மாட்டார். ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியில் அவர் ஒரு படத்தைப் பற்றிப் பேசின வேகத்தில், படம் சுமார்தான் என்று தெரிந்தும் ஜங்ஷன் தியேட்டருக்கு ஓடினவர்கள் உண்டு. ஹமீது நேர் எதிர். ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்துப் போடுவார். ‘பாட்டுக்குப் பாட்டு’ அவருடையது. பாடினவர் யார், எழுதினவர் யார், இசை யார், எந்தப் படம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்வார்கள். பத்தாங்கிளாஸ் தாண்டாத எங்க ஊர் ஆட்கள் கவிஞர்கள் பேரெல்லாம் தெரிந்து வைத்திருந்தது இப்படித்தான்.

இதில் முக்கியமானது கடுதாசி. நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டால் பேரையும் ஊரையும் வாசிப்பார்கள். வெளிநாட்டுத் தபால், உள்ளூர் கார்டு மாதிரி அஞ்சு பத்து பைசாவில் முடியாது. அதனால் ஏழெட்டுப் பேர் காசு போட்டு, ஒரே கடுதாசியில் எல்லார் பேரையும் எழுதுவார்கள். எப்போ வாசிப்பார்கள் என்று தெரியாது. மூன்று வாரமும் ஆகும், மூன்று மாசமும் ஆகும், வராமலும் போகும். வருகிற வரைக்கும் தினம் கேட்டாகணும். அந்தக் கொழும்புத் தமிழில், ‘தச்சநல்லூர்’ என்று அழுத்தமாக ஒருத்தர் சொல்லக் கேட்ட அன்றைக்கு, பேர் வந்தவர் டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கணும். எங்க அண்ணாச்சி ஒருத்தர் பேர் வந்த நேரத்தில் கரண்டு போயிட்டுது. “ஏலே, என் பேரு வந்துச்சால?” என்று தெருத் தெருவாகக் கேட்டுக்கிட்டு வந்தார் மனுஷன்.

பாட்டுக்காக மட்டும் கேட்டவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அக்கரையில் ஆள் வைத்திருந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து சனத்தில் பல லட்சம் பேரை இங்கே அனுப்புவது என்று முடிவானது. அதே வருஷம் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து போனது. குடும்பம் இரண்டாகப் பிரிந்து, அண்ணன் அங்கே தம்பி இங்கே என்று ஆனவர்களுக்கு அந்தப் பிறந்தநாள் வாழ்த்து பாட்டு நிகழ்ச்சி இல்லை. பேத்தி பேரை ரேடியோவில் கேட்டுத்தான் பிள்ளை நல்லா இருக்குன்னு தெரிந்துகொண்ட ஆச்சிகள் உண்டு.

பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ரேடியோ நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை. கேட்கிறவன் காது மாறிவிட்டது. அரசாங்க வானொலிதானே அது! நேற்றுவரை நம்ம வீட்டுக் குரலாக இருந்தது, இன்றைக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கினார்கள். 1989-ல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். இங்கே அது பலருக்குத் தெரியவே வருஷங்கள் ஆயின.

அதுக்குள்ளே டேப் ரிக்கார்டர் வந்து, ஜங்ஷனில் காசு கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருகிற கடைகள் வந்துவிட்டன. டிவி வந்தது. 1993-ல் சன் டிவி வந்து, ‘பாட்டுக்குப் பாட்டு’ ஹமீதோடு சேர்ந்து அங்கே போனது. 2000-க்குப் பிறகு நெல்லைக்கே தனியார் எஃப்எம். ரேடியோப் பெட்டி பரணுக்கு ஏறியது.

2016 வாக்கில்தான் பழைய சிலோன் ரேடியோ நேயர்கள் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்தார்கள். ஒரு குழுவில் 256 பேர்தான் சேரலாம் என்று இருந்த காலம் அது. எங்க குழு சீக்கிரமே நிறைந்து, இரண்டாவது குழு போட வேண்டியிருந்தது. டவுன், பாளை, தூத்துக்குடி ஆட்கள். இங்கிருந்து சென்னை, பம்பாய், துபாய் போய் ரிட்டையர் ஆனவர்கள். முதல் ஒரு வருஷம் திருவிழாதான். ஒருத்தர் நிகழ்ச்சி தொடங்குகிற இசையை வாயாலேயே ஊதி அனுப்பினார். மானூர்ப் பக்கத்தில் இருந்து ஒருத்தர் பழைய கேசட்டில் இருந்த ராஜா குரலை ஏற்றி அனுப்பினார். பாட்டு நடுவில் வாசல் கோழி கொக்கரிக்கிற சத்தமும் பதிந்திருந்தது. எத்தனையோ பேர் அந்தக் கோழிக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டோம்.

ஏன் ஓய்ந்தது என்று கேட்டால், எல்லாப் பாட்டும் யூடியூபில் கிடைக்கிறது, அதான் சுவாரசியம் போச்சு என்பார்கள். அது பாதி உண்மை. கேட்ட உடனே கிடைக்கிற பாட்டுக்கு யாரும் மூன்று மாசம் காத்துக் கிடக்க மாட்டான். ஆனால் குழு உடைந்த நாள் எனக்குத் தெரியும். ராஜாவின் குரலைப் போட்ட இடத்தில் ஒருத்தர், அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டார். தாயகம் திரும்பி வந்த தோட்டத்துக் குடும்பத்து ஆள் அவர். 83-ல் கொழும்பில் இருந்த தன் சித்தப்பா கடையைப் பற்றி நாலு வரி எழுதினார். உடனே குழு நடத்தினவர், “இங்கே பாட்டு மட்டும், அரசியல் வேண்டாம்” என்று போட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார். அவரோடு பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். அந்தப் பாட்டெல்லாம் நம்ம கோடம்பாக்கத்துப் பாட்டு. அதுக்கு சிலோன் எதுக்கு? சிலோன் கொடுத்தது, பாட்டுக்கு நடுவில் பேசின மனுஷரை. அவர்கள் பாட்டையே இந்தக் கரை சரியாகக் கேட்டதில்லை, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை விட்டால் ஈழத்து மெல்லிசையில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் குழுவில் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். பேசின மனுஷருக்கு என்ன ஆச்சு என்று கேட்கவும் இடம் இல்லாத இடத்தில் எதை நினைத்து உருக?

2018-ல் மனோகரன் காலமானபோது குழு கொஞ்சம் உயிர் பெற்றது. கொரோனா சமயத்தில் மறுபடி. அப்புறம் ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கமும், உறுப்பினர்கள் ஒவ்வொருத்தராகப் போகப் போகக் கண்ணீர் அஞ்சலியும்தான். மானூர்க்காரரும் போய்விட்டார். அந்தக் கேசட்டுகள் என்ன ஆச்சு என்று அவர் மகனிடம் போனில் கேட்டேன். “மச்சில ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கு மாமா, வந்து பாருங்க” என்றான். நடவு முடிந்ததும் போகணும். வெளியேறிப் போனவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவரையும் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.