பட்டியலின் முதல் பெயர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம் வந்துவிடும். சாரல் காலத்தில் அருவிக்குப் போகும் அவசரத்தில் ஊரைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம். தமிழ் படித்தவர்களுக்கு அப்படிக் கடக்க முடியாது. அது திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்கு மகிழ்ந்து, மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர் நின்றுவிட்டது.

குறவஞ்சியின் கதை சின்னது. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, உலா வந்த திரிகூடநாதரைக் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறாள். நிலவு சுடுகிறது, தென்றல் வதைக்கிறது. அப்போது மலையிலிருந்து ஒரு குறத்தி இறங்கி வருகிறாள், கையைப் பார்க்கிறாள், நீ நினைத்தவன் உன்னை ஏற்பான் என்று குறி சொல்கிறாள். ஏங்கும் பெண், அவளுக்கு நல்ல சேதி சொல்லும் எளியவள், ஏற்றுக்கொள்ளும் இறைவன். இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு கவிராயர் ஒரு மலையையே பாடிவிட்டார்.

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. கவிராயரின் குறவஞ்சியும் ஏறக்குறைய அதே திசையில் போயிற்று. பாளையங்கோட்டையில் பிறந்த ஒரு பையன் பின்னாளில் அந்த வடிவத்தை எடுத்துக் கிறிஸ்தவப் பாட்டாக்கினான். அவனுக்கு முன்பே அதே ஊரில், ஏங்கவும் மறுக்கப்படவும் கடைசியில் ஏற்கப்படவும் நேர்ந்த ஒரு பெண் வாழ்ந்திருந்தாள். அவளுடையது பாட்டல்ல, வாழ்க்கை. கிளாரிந்தா என்பது சபை கொடுத்த பெயர். ஊர் கொடுத்த பெயர் பாப்பாத்தி அம்மாள்.

1770-களின் பாளையங்கோட்டை ஒரு படைமுகாம். ஆர்க்காட்டு நவாபுக்காக வரி தண்டவும் பாளையக்காரர்களை அடக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் கோட்டைக்குள் இருந்தது. அந்தப் பட்டாளத்தோடு சில தமிழ்க் கிறிஸ்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்துவந்த ஜெர்மானியரான சுவார்ட்ஸ் ஐயர், 1771-இல் எழுதிய குறிப்பில் பாளையங்கோட்டையைப் பற்றிச் சொல்கிறார். தம் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் அங்கே வேதத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார் என்று செய்தி. ஐயர் இல்லை, கோவில் இல்லை. வாசிக்க ஒருவரும் கேட்கச் சிலரும் இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு அந்த வாசிப்பில்தான் தொடங்குகிறது.

அந்தக் கோட்டையில் லிட்டில்டன் என்றோர் ஆங்கிலேய அதிகாரி இருந்தார். கணவனை இழந்த பிராமணப் பெண் ஒருவர் அவரோடு வாழ்ந்தார். தஞ்சாவூர் மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர் என்றும், உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் காப்பாற்றினார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அவர் இனித் திரும்ப முடியாது என்பது அந்தக் காலத்தை அறிந்த எவருக்கும் புரியும். விதவை, வெள்ளைக்காரன் வீட்டில் இருப்பவள், தாலி இல்லாதவள். ஒரு பெண்ணின் மேல் அன்றைய சமூகம் சுமத்தக்கூடிய எல்லா வெட்கமும் அவர்மேல் இருந்தது.

லிட்டில்டன் அவருக்குக் கிறிஸ்தவ வேதத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். மணம் செய்துகொள்வதாக வாக்கும் கொடுத்தார், செய்துகொள்ளவில்லை. கற்றதை அந்தப் பெண் மனத்தில் வாங்கிக்கொண்டார். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரைப் பார்த்து ஞானஸ்நானம் கேட்டார்.

ஐயர் மறுத்துவிட்டார். மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிற வரையில் ஞானஸ்நானம் கொடுக்க இயலாது என்றார்.

சுவார்ட்ஸை இதற்காகக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடக் கூடாது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழைத் தமிழர்போலப் பேசியவர். தஞ்சை அரசர் துளஜாஜி தம் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை இவர் பாதுகாப்பில் விடும் அளவுக்கு நம்பிக்கை பெற்றவர். ஆனால் அவர் பயின்றது ஜெர்மனியின் ஹாலே நகரப் பள்ளியில். அந்த மரபில் கிருபை என்பது இலவசம்தான். அதைப் பெற்றவனிடம் மனந்திரும்புதல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஞானஸ்நானத்துக்கு வருகிறவரின் நடத்தையை விசாரிக்காமல் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

விதி விளங்குகிறது. அது யார்மேல் விழுந்தது என்று பார்த்தால்தான் நெஞ்சு கனக்கிறது. லிட்டில்டன் பிறப்பால் கிறிஸ்தவர். ஞானஸ்நானம் என்ற வாசலில் நின்று கெஞ்ச வேண்டிய நிலை அவருக்கு இல்லை. வாக்கு மீறியவர் அவர், வாசலில் நிறுத்தப்பட்டவர் அந்தப் பெண்.

இந்த இடத்தில்தான் கிளாரிந்தாவின் வரலாறு மற்ற மதமாற்றக் கதைகளிலிருந்து விலகுகிறது. மறுக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். இது நமக்கு எட்டாது என்று விட்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. லிட்டில்டனின் கடைசிக் காலம்வரை கூடவே இருந்தார். அவர் இறந்த பின்னும் பாளையங்கோட்டையை விட்டுப் போகவில்லை. தாம் கற்றதைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். சபை இன்னும் ஏற்காத ஒருவரைச் சுற்றி ஒரு சபை கூடத் தொடங்கியது.

1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்தப் பெண் மறுபடியும் கேட்டார். இந்த முறை ஐயர் விசாரித்து, மனநிறைவடைந்து, ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் அன்று வைக்கப்பட்டது.

யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், நடுப்பகலில் தனியாகக் கிணற்றுக்கு வரும் சமாரியப் பெண் ஒருத்தி உண்டு. ஐந்து கணவர்களை உடையவளாயிருந்தவள். அப்போது அவளோடிருந்தவனும் கணவன் அல்லன். இயேசு அதைத் தெரிந்துகொண்டே அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடிச் சேதி சொல்கிறாள். அவளுடைய வாழ்க்கை நேராகும் வரை அவர் பேச்சைத் தள்ளிவைக்கவில்லை. பாளையங்கோட்டைப் பெண்ணும் அந்த அதிகாரத்தைக் கேட்டிருந்தால் தம்மை அதில் அடையாளம் கண்டிருப்பார். அவரும் பிறகு ஊருக்கு ஒரு கிணறு வெட்டினார். பாப்பாத்தி அம்மாள் கிணறு என்று அதற்குப் பெயர்.

1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேடு எழுதப்பட்டது. நாற்பது பேர். வெவ்வேறு சாதியார், ஏழை எளியவர்கள், பட்டாளத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள். அந்த நாற்பதில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் உள்ளன. பெரிய பெரிய கோபுரங்கள், பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள். அத்தனைக்கும் முன்வரிசையில் நிற்பது, ஞானஸ்நானத்துக்குத் தகுதியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பெண்.

இந்தச் சபை தன் பழைய கதையைத் துடைத்து அழகாக்கி வைத்துக்கொள்ளவில்லை. கிளாரிந்தா யாரோடு வாழ்ந்தார், ஏன் மறுக்கப்பட்டார் என்பதெல்லாம் சுவார்ட்ஸின் எழுத்திலேயே வந்துவிட்டது. பின்னால் ஆயர் கால்டுவெல், திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றை 1881-இல் எழுதி வெளியிட்டபோது அதை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். கிருபை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்க வேண்டுமென்றால், மன்னிக்கப்பட்டது என்ன என்பதும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை மறைத்தால் கிளாரிந்தா ஒரு பணக்காரப் புரவலர் மட்டுமே ஆகியிருப்பார்.

புரவலராகவும் அவர் குறை வைக்கவில்லை. தம் பணத்தைப் போட்டு, ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் சேர்த்து, செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சிறு கோவில் கட்டினார். 1785-இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தியவர், அவர் கட்டிய வாசல் வழியாக உள்ளே வந்தார். சனங்கள் அதைப் பாப்பாத்தி கோவில் என்றார்கள். கிளாரிந்தா ஆலயம் என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த பத்தாண்டில் சுந்தரானந்தம் தாவீது தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் ஊழியம் செய்ய, 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊரே உருவாயிற்று.

கோவில் பிரதிஷ்டை நடந்த அதே 1785-இல் சுவார்ட்ஸ் இன்னொரு காரியமும் செய்தார். பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்ற உபதேசியாருக்கு ஒரு மகன் இருந்தான். 1774-இல் பிறந்தவன், கூர்மையான பிள்ளை. ஐயர் அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அங்கே சரபோஜியும் அவனும் சேர்ந்து படித்தார்கள். ஒருவர் அரசரானார், மற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார்.

மேலகரத்துக் கவிராயரின் குறவஞ்சி இங்கேதான் திரும்ப வருகிறது. 1800-ஆம் ஆண்டில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். உலா உண்டு, காதல்நோய் உண்டு, குறத்தியும் அவள் கணவன் சிங்கனும் உண்டு. ஆனால் உலா வருபவர் கிறிஸ்து. ஏங்கும் நாயகி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். குற்றாலத்தில் பறவை பிடித்துத் திரிந்த சிங்கன் இங்கே ஆத்துமாக்களைப் பிடிக்கும் உபதேசியாராகிவிட்டான். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று மிஷனரிகளிடம் கற்ற பூகோளமும் வானவியலும்கூடப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கவிராயரின் குறத்தி சொன்ன குறியின் சாரம், நீ ஏற்கப்படுவாய் என்பது. சாஸ்திரியார் அதையே கிருபை என்ற சொல்லுக்குள் வைத்தார். அதற்கு ஆள் தேட அவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தந்தை உபதேசம் செய்த ஊரில், பிள்ளைப் பருவத்தில் பார்த்த கூட்டத்தில், மறுக்கப்பட்டு ஏற்கப்பட்ட பெண்ணே தலைவியாக இருந்தார்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், முழு உண்மையாக இராது. சாஸ்திரியார் வேளாளர். தஞ்சைச் சபையில் சாதிக்குத் தனி இருக்கை, நற்கருணையில் முன்பின் என்ற வழக்கத்தை மிஷனரிகள் மாற்ற முனைந்தபோது அவர் எதிர்த்து நின்றார். 1829-இல் அந்தச் சண்டையில் மிஷன் வேலையையும் இழந்தார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சையில் நூற்றுக்கணக்கானோர் பிரிந்து போனார்கள். அத்தனை உருக்கமாகக் கிருபையைப் பாடியவருக்கு, பக்கத்து இருக்கையில் ஒரு பறையர் உட்கார்வதை ஏற்க முடியவில்லை. கிளாரிந்தாவின் பதிவேட்டிலோ பல சாதியார் ஒரே பட்டியலில் இருந்தார்கள். இது சாஸ்திரியாரின் தோல்வி. சின்னத் தோல்வியும் அல்ல. அவருடைய கவிதையை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிளாரிந்தாவின் குறையைச் சபை எழுதி வைத்ததுபோல.

கிளாரிந்தா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் காலமானார். நூறு ஆண்டு கழித்து, 1915-இல், பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா கிளாரிந்தாவின் பெயரையே தலைப்பாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். மாதவையா கிறிஸ்தவர் அல்லர், பிராமணர், விதவைகளின் துயரத்தைத் தம் எழுத்தில் விடாமல் பேசியவர். பிறந்த சமூகம் தள்ளிவிட்ட ஒருவரை அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் தேடி வந்து எழுதியதும் இந்தக் கதையில் சேர வேண்டியதே.

சாஸ்திரியார் 1864 ஜனவரியில், தொண்ணூறு வயதை நெருங்கும்போது இறந்தார். அவர் பாட்டுகள் தங்கிவிட்டன. தென்காசிப் பக்கத்து ஊர்க் கோவில்களிலும் பாளையங்கோட்டையிலும் திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் மிகப் பலர், எவர் பக்கத்தில் உட்கார அவர் மறுத்தாரோ அந்த மக்களின் வழிவந்தவர்கள். டிசம்பர் இரவுகளில் சாரல் ஓய்ந்த குளிரில் பஜனைக் கூட்டம் கஞ்சிராவும் ஆர்மோனியமுமாகத் தெருவில் நடந்து வரும்போது, அவர்கள் அந்தப் பாட்டுகளைத் தங்களுடையவையாகவே பாடிக்கொண்டு போகிறார்கள்.